எடை பார்க்காமல் ஊசியா?

1961-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அந்த நகரத்தில் குவீன்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே ஜீன் நிடெட்ச் என்ற பெண்மணி வாழ்ந்து வந்தார். அவருடைய கணவர் பஸ் டிரைவர். 2 பிள்ளைகள்.

ஒரு நாள் நிடெட்ச் கடைக்குப் போனார். தெரிந்த பெண் ஒருவர் எதிரே வந்தார். "பார்க்க நன்றாக இருக்கிறாயே! பிரசவம் எப்போது?" என்று கேட்டார்.

நிடெட்ச் கர்ப்பமாக இல்லை!

அப்போது அவருடைய எடை 214 பவுண்டு. அதாவது 97 கிலோ. இனிப்பு பிஸ்கட் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, குளியல் அறையில் அழுக்குத் துணி போடும் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்பாராம்.

கடையில் கேட்ட கேள்வி அவரை வாட்டியது. நியூயார்க் நகர சுகாதார இலாகா, உடம்பு இளைக்க ஓர் இலவச நிலையம் நடத்தி வந்தது. அங்கே போனார். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன்படி நடந்தார். எடை குறைந்தது. ஆனால் பிஸ்கட் ஆசை மட்டும் விடவில்லை. அதை அங்கே சொல்ல அவருக்கு வெட்கம்.

ஆகவே, தன்னைப் போலவே பருத்திருந்த 6 சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். கூடைக்குள் பிஸ்கட் இருக்கும் கதையைச் சொன்னார். அவர்களும் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடினார்கள். ஒரு வருஷத்தில் நிடெட்ச் 142 பவுண்டுக்கு, அதாவது 64 கிலோவுக்கு, இறங்கிவிட்டார். 1963-ல் அது ஒரு கம்பெனியாக மாறியது. "வெயிட் வாட்சர்ஸ்" என்று பெயர். பல நாடுகளில் பரவியது.

60 ஆண்டுகள் ஓடின. 2023-ல் அந்தக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. செல்போன் வழியாக டாக்டரைப் பேச வைத்து, உடம்பு இளைக்க ஊசி மருந்துக்குச் சீட்டு எழுதித் தரும் மற்றொரு கம்பெனியை விலைக்கு வாங்கியது! 2025 மே மாதம், கடன் சுமை தாங்காமல் கோர்ட்டுக்கும் போனது. அதே ஆண்டில் கடனைக் குறைத்துக் கொண்டு மீண்டது.

கூடிப் பேசி இளைத்த காலம் போய், ஊசி போட்டு இளைக்கும் காலம் வந்துவிட்டது. அந்த ஊசியைத் தரும் டாக்டரோ எங்கோ இருக்கிறார்!

ஊசி என்ன செய்கிறது?

மனிதன் சாப்பிட்டவுடன் குடலில் ஒரு ரசம் சுரக்கிறது. அதன் பெயர் "ஜி.எல்.பி.-1". அது ரத்தத்தில் சர்க்கரையை அடக்குகிறது. இரைப்பையில் இருந்து உணவு மெதுவாக இறங்கும்படி செய்கிறது. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. ஆனால் சில நிமிஷங்களில் கரைந்து போய்விடும்.

இதைப் போலவே வேலை செய்து, கரையாமல் நெடுநேரம் இருக்கும் பொருள் ஏதாவது உண்டா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். அது கிடைத்த இடம் விசித்திரமானது. அமெரிக்கப் பாலைவனத்தில் "கிலா மான்ஸ்டர்" என்று விஷப் பல்லி ஒன்று உண்டு. வருஷத்தில் சில தடவைதான் அது இரை தின்னும். அதன் விஷத்தில் அப்படி ஒரு பொருள் இருப்பதை டாக்டர் ஜான் எங் என்பவர் 1992-ல் வெளியிட்டார். அதில் இருந்து பிறந்த சர்க்கரை வியாதி மருந்து, 2005-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இப்போது பேசப்படும் "செமாகுளூட்டைடு" பல்லி விஷம் அல்ல. மனிதக் குடல் ரசத்தையே கொஞ்சம் மாற்றி, ஒரு வாரம் உடம்பில் தங்கும்படி செய்தது. டென்மார்க் நாட்டுக் கம்பெனியான நோவோ நோர்டிஸ்க் தயாரித்தது. சர்க்கரை வியாதிக்கு "ஓசெம்பிக்" என்ற பெயரில் 2017-லும், எடை குறைய "வெகோவி" என்ற பெயரில் 2021-லும் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது.

இது வேலை செய்கிறதா? செய்கிறது. அதை மறைக்க வேண்டியது இல்லை. 1,961 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 68 வாரம் மருந்து ஊசி போட்டுக் கொண்டவர்களுக்கு, சராசரியாக 100-க்கு 15 பங்கு எடை குறைந்தது. மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டுக் கொண்டவர்களுக்கு 100-க்கு 2 பங்குக்குச் சற்று மேலே குறைந்தது. வேறு ஒரு சோதனையில், ஏற்கனவே இருதய நோய் உள்ள 17,604 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் பருத்தவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் மருந்து போட்டவர்களுக்கு 5-ல் 1 பங்கு குறைந்தன. இந்த முடிவு 2023-ல் வெளிவந்தது.

இத்தனை நல்ல மருந்தைப் பற்றி என்ன குறை சொல்ல முடியும்? மருந்தைப் பற்றி இல்லை பேச்சு. அதைக் கொடுக்கும் விதத்தைப் பற்றித்தான்.

பழைய கதை

உடம்பு இளைக்க மருந்து விற்பது புதிது அல்ல.

முதல் உலகப்போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மெலிந்து போனார்கள். காரணம் "டைநைட்ரோபீனால்" என்ற ரசாயனம். 1933-ல் அமெரிக்காவில் இதையே இளைக்கும் மருந்து ஆக்கினார்கள். ஒரே வருஷத்தில் 1 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். உடம்பு இளைத்தது. சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடம்புச் சூடு ஏறியே இறந்தார்கள். 1938-ல் புதிய சட்டம் வந்த பிறகுதான் அது அடங்கியது.

அடுத்து வந்தது வர்ண மாத்திரை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வானவில் போல மாத்திரைகள். 1968-ல் "லைஃப்" பத்திரிகையின் பெண் நிருபர் சூசன்னா மெக்பீ ஒரு வேலை செய்தார். அவர் ஒல்லியானவர். இளைக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும், "எடை குறைய மருந்து வேண்டும்" என்று 10 டாக்டர்களிடம் போனார். எத்தனை மாத்திரை கிடைத்தது தெரியுமா? 1,479!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த டாக்டர்கள் செல்போனில் பேசவில்லை. நேருக்கு நேர், ஒரே அறையில் உட்கார்ந்து இருந்தார்கள். எதிரே இருந்த பெண் ஒல்லி என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த ஆண்டே அமெரிக்க மேல்சபை இதை விசாரித்தது.

1997-ல் "பென்-பென்" என்ற இரட்டை மருந்தின் கதையும் இப்படித்தான். 24 பெண்களுக்கு இருதய வால்வு கெட்டிருந்ததை, மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஜூலையில் தெரிவித்தார்கள். செப்டம்பரில் மருந்தின் ஒரு பாதி சந்தையை விட்டு எடுக்கப்பட்டது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிவிட்டார்கள்.

"டாக்டர் நேரில் பார்த்தால்தான் நல்ல வைத்தியம். தூரத்தில் இருந்தால் போலி வைத்தியம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. மெக்பீ அம்மையாரின் 1,479 மாத்திரைகளே அதற்குச் சாட்சி.

தூரத்து வைத்தியத்தில் நன்மை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கூலியை இழந்து 2 பஸ் மாற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பருத்த உடம்போடு டாக்டர் முன்னால் போய் உட்கார வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்று ஒரே வார்த்தையில் விரட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வீட்டில் இருந்தபடி டாக்டரிடம் பேச முடிவது பெரிய உதவி. மாதம் ஒரு முறை நிலைமையைச் சொல்ல, அளவைக் கூட்டலாமா என்று கேட்க, செல்போன் போதும்.

ஆனால் டாக்டர் பார்க்க வேண்டும். கேட்க வேண்டும். தேவைப்பட்டால் "உனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

5 எங்கே, 50 எங்கே!

அமெரிக்காவில் 2022-ல் இந்த ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில், மருந்துக் கடைகளே அந்த மருந்தைக் கலந்து தயாரித்துக் கொடுக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. செல்போன் வைத்திய கம்பெனிகள் இதைப் பிடித்துக் கொண்டன. விளம்பரம் பறந்தது. ஒரு பாரத்தை நிரப்பினால் போதும். வயது என்ன, எடை என்ன, வியாதி உண்டா என்று கேள்விகள். சில நாளில் தபாலில் மருந்து வந்துவிடும்.

கம்பெனி மருந்து பேனா வடிவத்தில் வரும். ஒரு அழுத்து அழுத்தினால் சரியான அளவு இறங்கும். கலந்து தயாரித்த மருந்தோ சின்னக் குப்பியில் வந்தது. ஊசிக்குழலில் வீட்டிலேயே உறிஞ்சி, அளந்து, போட்டுக் கொள்ள வேண்டும். அந்த ஊசிக்குழல் இன்சுலின் போடுவதற்கு ஏற்பட்டது. அதில் 100 கோடு. கோட்டுக்கு ஒரு "யூனிட்". மருந்தின் அளவோ மில்லிகிராம். குப்பியில் எழுதி இருப்பது மில்லி. படித்தவர்களுக்கே தலை சுற்றும்.

2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஓர் எச்சரிக்கை விடுத்தது. 5 யூனிட் போட வேண்டியவர்கள் 50 யூனிட் போட்டுக் கொண்டார்களாம்! 5 மடங்கு முதல் 20 மடங்கு வரை மருந்து உள்ளே போயிருக்கிறது. வாந்தி, வயிற்று வலி, மயக்கம். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

ஒரு நோயாளிக்கு எவ்வளவு போடுவது என்று புரியவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தவரிடம் விளக்கம் கேட்டுப் பார்த்தார். தெளிவான பதில் கிடைக்கவில்லை. தானே இணையத்தில் தேடிப் பார்த்துப் போட்டுக் கொண்டார். 5 மடங்கு! இன்னொரு இடத்தில் தவறு நோயாளி மீது இல்லை. எழுதிக் கொடுத்தவரே 2 யூனிட் என்பதற்குப் பதில் 20 யூனிட் என்று எழுதிவிட்டார். 3 பேர் அவதிப்பட்டார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மருந்து எழுதும்போது இருந்த டாக்டர், சந்தேகம் வந்தபோது இல்லை.

தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதாக 2025 பிப்ரவரியில் அந்த இலாகா அறிவித்தது. கலந்து விற்கக் கெடு விதித்தது. ஏமாற்று விளம்பரம் செய்கிறீர்கள் என்று 2025 செப்டம்பரில் பல கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமும் போனது.

இங்கிலாந்தில் ஒரு படி மேலே போனார்கள். மருந்துக் கடைகளைக் கண்காணிக்கும் சபை, 2025 பிப்ரவரியில் விதியைக் கடுமை ஆக்கியது. இணையத்தில் விற்கும் கடை, நோயாளி பாரத்தில் எழுதிய எடையை அப்படியே நம்பக் கூடாது. வீடியோவில் பார்க்க வேண்டும். அல்லது நேரில் பார்க்க வேண்டும். அல்லது அவருடைய வழக்கமான டாக்டரைக் கேட்க வேண்டும். இதுதான் விதி.

ஏன் இந்தக் கண்டிப்பு? 50 கிலோ பெண் 80 கிலோ என்று பாரத்தில் எழுதினால், பாரம் ஏற்றுக் கொள்ளும். காகிதத்துக்குக் கண் கிடையாது.

பார்ப்பது என்றால் என்ன?

எடையும் உயரமும் முதலில். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். உயரத்தை மீட்டரில் எடுத்துக் கொள்ள வேண்டும். 160 சென்டிமீட்டர், அதாவது சுமார் 5 அடி 3 அங்குலம் உயரம் உள்ளவருக்கு 77 கிலோ என்றால் அந்த எண் 30. அமெரிக்காவில் 30-க்கு இந்த மருந்து தரலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற வியாதி சேர்ந்து இருந்தால் 27-க்கே தரலாம். இந்தியர்களுக்குக் கணக்கு வேறு. 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று நம் நாட்டு நிபுணர்கள் 2009-ல் வகுத்தார்கள்.

ஏன் வேறு? 2004-ல் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் அந்த எண் ஒன்றே. 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 100-க்கு 9. புனேக்காரர் உடம்பில் 21! பார்வைக்கு ஒல்லி. உள்ளே கொழுப்பு.

ஆகவே இந்தியாவில் எடை மட்டும் பார்த்தால் போதாது. இடுப்பையும் அளக்க வேண்டும். ரத்தத்தையும் பார்க்க வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிபுணர்கள் முன்நின்று நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி. வயிற்றில் சதை போட்டவர்கள் 100-க்கு 39 பேருக்கு மேல்.

அடுத்து, கேள்விகள். கணையம் வீங்கியது உண்டா? பித்தப்பையில் கல் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்ததா? அதில் ஒரு வகை இருந்தால் இந்த ஊசியே கூடாது. இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவரா? அப்படியானால் சர்க்கரை திடீர் என்று இறங்கிவிடலாம். குழந்தை பெறும் எண்ணம் உண்டா? கர்ப்பம் தரிக்க 2 மாதம் முன்பே செமாகுளூட்டைடை நிறுத்த வேண்டும். இந்தக் கேள்வியைப் பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. டாக்டரும் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடக் கூடாது.

பிறகு அளவு. செமாகுளூட்டைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஒரு முறை கூட்டி, 2.4-க்குக் கொண்டு போகிறார்கள். ஒரே தாவலாகத் தாவினால் வயிறு தாங்காது. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வரும். சதையோடு தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீன் என்று சத்தான உணவை விடாமல் சாப்பிடும்படி டாக்டர் சொல்ல வேண்டும். "பசியே இல்லை, அதனால் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது பெருமை இல்லை. டாக்டருக்குப் போன் போட வேண்டிய நேரம்.

நம் நாட்டுச் சட்டம்

இந்த மருந்துகள் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் "மவுஞ்சாரோ", ஜூனில் "வெகோவி". மவுஞ்சாரோவில் உள்ளது டிர்செபடைடு என்ற மருந்து. செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு பல கம்பெனிகள் தயாரிக்கலாம். விலை இறங்க வழி உண்டு. அப்போது விளம்பரமும் வீட்டுக்கு வீடு வரும்.

செல்போன் வைத்தியத்துக்கு நம் நாட்டில் விதி இருக்கிறது. 2020 மார்ச் 25-ந் தேதி, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வெளியானது. நல்ல விதிகள். பலருக்குத் தெரியாத விதிகள்.

பேசுகிற டாக்டர் தன் பெயரையும் படிப்பையும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளியும் பெயர், வயதை மறைக்கக் கூடாது. என்ன வியாதி என்று முடிவு செய்யாமல் மருந்து எழுதினால், அது தொழில் ஒழுங்கீனம். இயந்திர மூளை டாக்டருக்கு உதவலாம். ஆனால் அதுவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ கூடாது. "நேரில் வா" என்று எந்த நேரத்திலும் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு.

இங்கிலாந்து விதித்ததை இங்கேயும் விதிக்க வேண்டும். இளைக்கும் ஊசிக்கு முதல் தடவை சீட்டு எழுதும்போது, எடையை டாக்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நேரில் முடியாவிட்டால் வீடியோவில். எடை மெஷினில் ஏறி நின்று செல்போனைக் கீழே காட்ட எத்தனை நேரம் ஆகும்? அரை நிமிஷம். அதைக் கேட்காத டாக்டரிடம் மருந்து வாங்க வேண்டாம். சீட்டில் பதிவு எண் இல்லை என்றால் கடைக்காரர் மருந்து தரக் கூடாது. "மறுபடி பேச வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத கம்பெனிக்குப் பணம் கட்டக் கூடாது.

நிறுத்தினால்?

ஒரு கேள்வியை விளம்பரம் கேட்பதே இல்லை. ஊசியை எத்தனை நாள் போட வேண்டும்?

68 வாரம் ஊசி போட்டவர்களில் ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்திய பிறகும் ஒரு வருஷம் கவனித்தார்கள். குறைந்த எடையில் 3-ல் 2 பங்கு திரும்பி வந்துவிட்டது. 100 கிலோவாக இருந்து 83 ஆனவர், சுமார் 94-க்கு ஏறிவிட்டார் என்று வைத்துக் கொள்ளலாம். இது அவர்கள் குற்றம் அல்ல. பருமன் நீடித்து நிற்கும் வியாதி. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு ஏறுவது போலத்தான்.

அப்படியானால் வீட்டில் பணக் கணக்கும் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இங்கே வந்தபோது, 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி. முதல் 4 வாரம் சின்ன அளவு. அதற்கு 14,000 ரூபாய். பிறகு 5 மில்லிகிராமிலேயே நின்றாலும், மீதி 48 வாரத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். அந்த விலையில் ஒரு வருஷத்துக்கு 2 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய். ரத்தப் பரிசோதனைச் செலவு தனி.

இந்தக் கணக்கை முதல் ஊசிக்கு முன்பே டாக்டர் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர், வீட்டுக்காரி, சம்பாதிக்கும் பிள்ளை என்று எல்லோரும் கூட உட்கார்ந்து கேட்கும்படி, செல்போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கொண்டு பேசலாம்.